பாட்டு நின்ற பிறகும் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’: ஹம் எங்கிருந்து வருகிறது?

பாட்டை நிறுத்தியாகிவிட்டது. ஆனாலும் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் விடாமல் வருகிறது. யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான்: “எர்த் சரியில்லை.” எலக்ட்ரீஷியன் அதையே சொல்வார், ஆம்ப்ளிஃபயர், அதாவது ஆம்ப், அசெம்பிள் செய்து தருபவரும் அதையே சொல்வார். இது முழுப் பொய்யும் இல்லை, பெரிதாக உதவுவதும் இல்லை. ஏனென்றால் பல வீடுகளில் எர்த் இல்லாததால் ஹம் வருவதில்லை, ஒரே சிஸ்டத்துக்கு இரண்டு வழியில் எர்த் கிடைத்துவிடுவதால் வருகிறது. அந்தப் பதிலை நம்பி இன்னொரு எர்த் வயரை இழுத்துக் கட்டினால் முனகல் கூடினாலும் கூடும்.

அதனால் புது கேபிள், புது ஸ்பைக் பஸ்டர் என்று காசைக் கரைப்பதற்கு முன்னால், இந்தச் சத்தம் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. கண்டுபிடிக்கப் பெரும்பாலும் எந்தக் கருவியும் தேவையில்லை. காதும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

எது ஹம், எது வேறு?

நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக ஊசலாடுகிறது. இதைத்தான் 50 ஹெர்ட்ஸ் என்கிறோம். பாட்டைச் சுமந்துகொண்டு ஒரு கருவியிலிருந்து இன்னொரு கருவிக்குப் போகும் சிறு மின்னழுத்தத்துக்கு சிக்னல் என்று பெயர். அந்த சிக்னலோடு இந்த 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளான 100, 150, 200 ஆகியவையும் கலந்துவிட்டால், ஆம்ப் பாட்டைப் பெருக்குவது போலவே அவற்றையும் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும். அதுதான் ஹம். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கே எடுத்த வீடியோக்களில் 60, 120 என்று பேசுவார்கள். நாம் 50, 100 என்று மாற்றிக்கொள்ள வேண்டும்.

‘ஸ்ஸ்ஸ்’ என்று சீறும் சத்தம் ஹம் இல்லை. அது ஆம்புக்குள் இருக்கும் பாகங்களே எழுப்பும் இரைச்சல். இந்தக் கட்டுரைக்கு அது வெளியே. ‘ஜ்ர்ர்ர்’ என்று வண்டு போல ரீங்கரிப்பது ஹம்மின் உறவுக்காரன்தான், ஆனால் அதில் மேல் மடங்குகள் அதிகம். விளக்கின் வெளிச்சத்தைக் குறைக்கும் டிம்மர், சில எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர்கள், மலிவான எல்இடி விளக்குகள் எல்லாம் இந்த வகை. ஃபேன் ரெகுலேட்டரிலேயே இரண்டு உண்டு. ‘டக் டக்’ என்று படிப்படியாகத் திரும்பும் கண்டென்சர் ரெகுலேட்டர் பெரும்பாலும் தொந்தரவு தராது. வழுக்கிக்கொண்டு திரும்பும் ரகம் மின்சார அலையை நடுவில் வெட்டி வெட்டி அனுப்புவதால் ரீங்காரத்தைக் கிளப்பும். ஃபேனை நிறுத்திப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

50 எது, 100 எது என்று காதுக்குப் பழக்கிக்கொண்டால் தேடல் சுலபமாகிவிடும். போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றைப் போட்டு இரண்டையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். போனின் சொந்த ஸ்பீக்கரால் 50 ஹெர்ட்ஸை எழுப்ப முடியாது, ஹெட்போன் வேண்டும். 50 என்பது வயிற்றில் உணர்வது போல ஆழமாக இருக்கும். 100 அதற்கு ஒரு ஸ்தாயி மேலே.

பவர் சப்ளையிலிருந்து வரும் 100

ஆம்புக்குள் இருக்கும் டிரான்ஸ்பார்மர் 230 வோல்ட்டைக் குறைத்துத் தருகிறது. முன்னும் பின்னுமாக ஊசலாடும் அந்த ஏசி மின்சாரத்தை டயோடுகள் ஒரே திசைக்குத் திருப்பிவிடுகின்றன. அலையின் மேல் பாதி, கீழ்ப் பாதி இரண்டுமே மேல்நோக்கித் திரும்பிவிடுவதால் வினாடிக்கு 100 மேடுகள் வருகின்றன. மேட்டுக்கும் மேட்டுக்கும் நடுவே உள்ள பள்ளத்தை நிரப்புவது ஃபில்டர் கண்டென்சரின் வேலை. மேடு வரும்போது மின்சாரத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு, பள்ளத்தில் அதை விட்டுக்கொடுக்கும்.

இந்தக் கண்டென்சருக்குள் இருக்கும் திரவம் சூட்டில் வருடக்கணக்கில் காய்ந்துகொண்டே வரும். காயக் காய அது சேர்த்து வைக்கும் அளவு குறையும். பள்ளம் நிரம்பாமல் போக, 100 ஹெர்ட்ஸ் நேராக ஸ்பீக்கருக்கு வந்துவிடும். பழைய செட்டுகளில் இது சர்வசாதாரணம். 4440 என்ற ஆம்ப் ஐசி போட்டு அசெம்பிள் செய்த ஆம்புகளில், கண்டென்சரில் காசு மிச்சம் பிடித்து 1000 மைக்ரோஃபாரட் போட்டிருந்தால் புதிதாக இருக்கும்போதே முனகும். 4700 போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இந்த வகையைக் கண்டுபிடிப்பது எளிது. உள்ளே வரும் கேபிள்கள் எல்லாவற்றையும் கழற்றி, வால்யூமைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்த பிறகும் அதே அளவில் ஹம் நின்றால் ஆம்புக்குள்தான் கோளாறு. மூடியைத் திறந்தால் கண்டென்சரின் தலை உப்பியிருப்பது பல நேரம் கண்ணிலேயே படும். ஆனால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டென்சர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். பழக்கம் இல்லாதவர்கள் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுவதே சரி. வால்வு ஆம்பாக இருந்தால் திறக்கவே வேண்டாம்.

காற்றிலிருந்து வரும் 50

ஆம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது, அதில் மாட்டிய ஆடியோ கேபிளின் மறுமுனையில் இருக்கும் ஆர்சிஏ பின்னின் (சிவப்பு, வெள்ளை நிறத்தில் வரும் உருண்டைப் பின்) நடு ஊசியை விரலால் தொட்டால் ‘டர்ர்ர்’ என்று கத்தும். ஆம்ப் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க மெக்கானிக்குகள் செய்யும் சோதனை இது. சுவருக்குள் ஓடும் வயர்களைச் சுற்றி எப்போதும் ஒரு மின்புலம் இருக்கிறது. நம் உடம்பு ஏரியல் மாதிரி அதை வாங்கி ஊசிக்குக் கொடுக்கிறது.

இதைத் தடுக்கத்தான் ஆடியோ கேபிளில் நடுக்கம்பியைச் சுற்றி மெல்லிய செம்புப் பின்னல் இருக்கிறது. அதற்கு ஷீல்டு என்று பெயர். பின்னோடு ஷீல்டைச் சேர்க்கும் ஈயப்பற்று விட்டுப்போனால் நடுக்கம்பி அம்மணமாகிவிடும். விரலால் தொட்டது போன்ற அதே சத்தம் வரும். கேபிளைப் பின் அருகே லேசாக அசைத்துப் பாருங்கள். சத்தம் வந்து வந்து போனால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள்.

ஒன்றை மட்டும் ஷீல்டால் தடுக்க முடியாது: டிரான்ஸ்பார்மரிலிருந்து கசியும் காந்தப்புலம். 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் செம்புப் பின்னலை மதிக்காமல் ஊடுருவிப் போகும். அதற்கு மருந்து தூரம்தான். பவர் கார்டுகளையும் சிக்னல் கேபிள்களையும் ஒன்றாகச் சுருட்டி டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் திணித்து வைக்காமல் பிரித்துப் போடுங்கள். குறுக்கே போயே ஆக வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: வால்யூமுக்கு அசையாத 100 ஹெர்ட்ஸ் என்றால் பவர் சப்ளையைப் பாருங்கள். கேபிளை அசைத்தால் மாறும் 50 ஹெர்ட்ஸ் என்றால் ஷீல்டைப் பாருங்கள். இரண்டிலும் அடங்காததுதான் அதிகம் குழப்புகிறது.

எர்த் இரண்டானால்

கட்டட வேலையில் சுவரின் உயரத்தை டேப் பிடித்து அளக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மேலே நிற்கும் கொத்தனார் அளவைப் படிக்கிறார். கீழே ஒருவர் டேப்பின் பூஜ்ஜிய முனையைத் தரையோடு அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். அவர் கை மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருந்தால்? சுவர் அசையவில்லை. ஆனால் கொத்தனார் படிக்கும் அளவு ஆடும்.

சிக்னலும் இப்படித்தான். வோல்ட் என்பது இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள வித்தியாசம். ஆர்சிஏ கேபிளில் நடுக்கம்பிதான் சுவரின் உச்சி, ஷீல்டுதான் பூஜ்ஜிய முனை. ஷீல்டின் இந்தக் கோடியும் அந்தக் கோடியும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன என்ற நம்பிக்கையில்தான் வாங்கும் கருவி சிக்னலைப் படிக்கிறது. அந்த மட்டம் வினாடிக்கு 50 முறை ஆடினால், பாட்டே இல்லாதபோதும் அந்த ஆட்டம் சிக்னலாகப் படிக்கப்படும்.

மட்டத்தை ஆட்டுவது எது? ஹாலில் டிவி ஸ்டாண்டில் மூன்று பின் பிளக் உள்ள ஒரு ஆம்ப். எதிர் மூலையில் வேறொரு சாக்கெட்டில், இதுவும் மூன்று பின் பிளக்கோடு, ஒரு பவர்டு சப்வூஃபர் (ஆழமான பாஸுக்கான, தனக்குள்ளேயே ஆம்ப் உள்ள ஸ்பீக்கர்). நடுவில் ஐந்து மீட்டர் ஆர்சிஏ கேபிள். இரண்டின் உடம்பும் சுவருக்குள் ஓடும் எர்த் வயரால் ஏற்கெனவே இணைந்திருக்கின்றன. கேபிளின் ஷீல்டு இரண்டாவது முறையாக இணைக்கிறது. ஆம்ப், ஷீல்டு, சப்வூஃபர், எர்த் வயர், மறுபடி ஆம்ப் என்று ஒரு முழு வளையம். இதுதான் கிரவுண்ட் லூப்.

ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர் என்று வீட்டில் உள்ள ஒவ்வொன்றும் எர்த் வயரில் சிறிதளவு மின்சாரத்தைக் கசிய விடுகிறது. அதனால் இரண்டு சாக்கெட்டுகளின் எர்த் துளைகளும் அச்சு அசலாக ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. போதாக்குறைக்கு, சுற்றியுள்ள காந்தப்புலமும் வளையத்தில் மின்சாரத்தைத் தூண்டுகிறது. வளையம் பெரிதாகப் பெரிதாகத் தூண்டுதலும் கூடும். இந்த மின்சாரத்தின் ஒரு பங்கு ஷீல்டின் வழியாக ஓடுகிறது.

கணக்கைப் பாருங்கள். ஷீல்டின் தடை 0.1 ஓம், ஓடும் மின்சாரம் 10 மில்லிஆம்பியர் என்றால் இரு கோடிகளுக்கும் நடுவே 1 மில்லிவோல்ட் வித்தியாசம். வீட்டு ஆடியோ கருவிகளில் சிக்னலின் வழக்கமான அளவு சுமார் 0.3 வோல்ட். அதில் முந்நூறில் ஒரு பங்கு இந்த ஹம். பாட்டு ஓடும்போது மறைந்திருக்கும், ஊர் அடங்கிய பிறகு தெளிவாகக் கேட்கும். அதிலும் நம் காது 50ஐ விட 100, 150ஐச் சுலபமாகப் பிடிக்கும் என்பதால் மடங்குகள் கலந்திருந்தால் இன்னும் எரிச்சல்.

கவனியுங்கள், இந்தக் கதையில் எந்த எர்த்தும் கெட்டுப்போகவில்லை. இரண்டும் நன்றாக இருப்பதால்தான் வளையம் முழுமையாகிறது.

சரி, எர்த் இல்லாமலும் ஹம் வருமா? வரும். எர்த் துளையில் வயரே இணைக்காத வீடுகள் இன்னும் உண்டு. அங்கே கம்ப்யூட்டர் கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இருக்கும், டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரியும். பவர் சப்ளைக்குள் இருக்கும் வடிகட்டிக் கண்டென்சர்கள் கசிய விடும் சிறு மின்சாரம் போக இடமில்லாமல் உடம்பிலேயே நிற்கிறது. அது ஷீல்டு வழியாக வழி தேடும்போது ஹம் பிறக்கும். ஆம்பின் உலோகப் பகுதியைத் தொட்டதும் ஹம் குறைந்தால் இந்த வகையைச் சந்தேகிக்கலாம். இந்த இடத்தில் மட்டும் எலக்ட்ரீஷியன் சொன்னது சரி. அவரைக் கூப்பிட்டு எர்த் போட வேண்டியதுதான்.

தேடிப் பிடிப்பது

முதல் கேள்வி: வால்யூமைத் திருகினால் ஹம் மாறுகிறதா? மாறினால் வால்யூம் கண்ட்ரோலுக்கு முன்னால், அதாவது உள்ளே வரும் கேபிள்களிலோ கருவிகளிலோ கோளாறு. மாறாவிட்டால் அதற்குப் பின்னால். இதில் ஒரு பொறி இருக்கிறது. மேலே சொன்ன சப்வூஃபர் லூப், ஆம்பின் வால்யூமுக்கு அசையாது, ஏனென்றால் வளையம் ஆம்பைத் தாண்டி உருவாகிறது. அவசரப்பட்டு ஆம்பின் கண்டென்சரை மாற்றிவிடாமல், சப்வூஃபரின் முதுகில் இருக்கும் லெவல் குமிழையும் திருகிப் பாருங்கள்.

அடுத்து, எல்லாக் கேபிள்களையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக மாட்டுங்கள். ஒவ்வொரு முறையும் வால்யூமைக் குறைத்துவிட்டு மாட்டினால் ஸ்பீக்கர் அதிராது. எதை மாட்டியதும் ஹம் வருகிறதோ அதன் பக்கம்தான் வளையம். கருவியின் சுவிட்சை அணைத்துவிட்டு “அது இல்லை, ஆஃப் பண்ணிப் பார்த்துட்டேன்” என்று சொல்பவர்கள் உண்டு. அது போதாது. சாக்கெட்டில் இருக்கும் சுவிட்ச் பொதுவாக பேஸை மட்டும்தான் துண்டிக்கிறது. எர்த் பின் எப்போதும் இணைந்தேதான் இருக்கும். பிளக்கையும் கேபிளையும் உருவி எடுத்தால்தான் வளையம் அறும்.

அதிகம் மாட்டிக்கொள்ளும் ஆள் டிவி பக்கம் இருக்கிறார். கேபிள் டிவிக்காரர் தெருவிலிருந்து இழுத்து வந்த கோஆக்ஸியல் கேபிளுக்கும் ஷீல்டு இருக்கிறது. அது தெருக்கோடியில் எங்கோ எர்த் ஆகியிருக்கலாம். அது செட் டாப் பாக்ஸுக்கு வந்து, அங்கிருந்து எச்டிஎம்ஐ வழியாக டிவிக்கும், டிவியிலிருந்து ஆம்புக்கும் வருகிறது. எச்டிஎம்ஐ டிஜிட்டல்தானே என்று அதை விட்டுவிட வேண்டாம். அதிலும் எர்த்தோடு சேரும் கம்பியும் ஷீல்டும் உண்டு. தெருவின் எர்த்தும் வீட்டின் எர்த்தும் சேர்ந்தால் வளையம் ஊரளவு பெரிது. செட் டாப் பாக்ஸின் பின்னால் இருக்கும் கேபிளை மட்டும் திருகிக் கழற்றுங்கள். படம் போவதோடு ஹம்மும் போனால் விஷயம் முடிந்தது.

லேப்டாப்பிலிருந்து பாட்டு போடுபவர்கள் சார்ஜரைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். பேட்டரியில் ஓடும்போது அமைதியாகவும் சார்ஜர் போட்டதும் ‘ஜ்ர்ர்’ என்றும் கேட்டால் வளையம் சார்ஜர் வழியாக வருகிறது. இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தடயம்: கரண்ட் போனதும் ஃபேன் முனகத் தொடங்குவதோடு ஸ்பீக்கரிலும் ரீங்காரம் கூடினால் அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரின் கைவரிசை. வழவழப்பான அலைக்குப் பதில் அது கட்டம் கட்டமான அலையைத் தருகிறது. மேல் மடங்குகள் அதில் ஏராளம். ஆம்பில் தேட வேண்டியதில்லை, கரண்ட் வந்ததும் சரியாகிவிடும்.

ரெக்கார்டு பிளேயர் ஒரு தனி ரகம். அதன் முள் தரும் சிக்னல் சுமார் 5 மில்லிவோல்ட்தான். அதை ஏறக்குறைய நூறு மடங்கு பெருக்க வேண்டும், அதிலும் இசைத்தட்டில் குறைத்துப் பதிவான பாஸை மீட்பதற்காகத் தாழ்ந்த ஒலிகளை இன்னும் அதிகம் பெருக்க வேண்டும். ஹம் குடியிருப்பது அந்தத் தாழ்ந்த இடத்தில்தான். பெரும்பாலும் பிளேயரிலிருந்து தனியாக ஒரு மெல்லிய வயர் தொங்கும். ஆம்பின் பின்னால் ‘கிரவுண்ட்’ என்று போட்ட திருகில் அதை மாட்ட மறந்திருப்பார்கள். முதலில் அதைப் பாருங்கள்.

வளையத்தை எப்படி உடைப்பது?

காசு செலவில்லாத வழி முதலில். எல்லாக் கருவிகளையும் ஒரே ஜங்ஷன் பாக்ஸில் மாட்டுங்கள். எர்த் துளைகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் மட்ட வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிடும், வளையமும் சுருங்கும். 6 ஆம்பியர் சாக்கெட் என்றால் 1380 வாட் வரை தாங்கும். வீட்டு ஆம்ப், டிவி, செட் டாப் பாக்ஸ் எல்லாம் பெரும்பாலும் அதற்குள் அடங்கும்.

அதிலும் தீரவில்லையா? டிவியிலிருந்து ஆம்புக்கு ஆப்டிகல் கேபிள் போடுங்கள். அதில் வெளிச்சம் மட்டுமே போகிறது, உலோகத் தொடர்பே கிடையாது. வளையம் அங்கேயே அறுந்துவிடும். இதைவிடச் சுத்தமான தீர்வு எனக்குத் தெரியவில்லை. ஆப்டிகல் வசதி இல்லாத இடத்தில் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சின்னப் பெட்டி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். உள்ளே இருப்பது இரண்டு குட்டி டிரான்ஸ்பார்மர்கள். சிக்னல் காந்தமாகக் கடந்து போகும், ஷீல்டு கடக்காது. மலிவானவற்றில் ஆழமான பாஸ் கொஞ்சம் அடிபடும், அதனால் சப்வூஃபருக்கு நல்லதாக வாங்குங்கள்.

கேபிள் டிவி வயருக்கும் தனி ஐசொலேட்டர் உண்டு. டிடிஎச் வைத்திருப்பவர்கள் மட்டும் யோசித்து வாங்க வேண்டும். மொட்டைமாடித் தட்டில் இருக்கும் கருவிக்கு அதே கேபிள் வழியாகத்தான் 13 அல்லது 18 வோல்ட் டிசி, அதாவது ஒரே திசை மின்சாரம், போகிறது. டிசியைத் தடுக்கும் ஐசொலேட்டரைப் போட்டால் ஹம்மோடு சேனல்களும் போய்விடும். அவர்களுக்கு ஆப்டிகல்தான்.

விலை உயர்ந்த பவர் கார்டு வாங்கினால் ஹம் போகும் என்று விற்பார்கள். எர்த் கம்பி அதிலும் அப்படியேதான் இருக்கிறது. வளையம் அறாமல் எப்படிப் போகும்?

எர்த் பின்னை மட்டும் கழற்றாதீர்கள்

ஆம்பின் எர்த் பின்னைக் கழற்றிவிட்டாலோ, இரண்டு பின் அடாப்டரில் செருகினாலோ ஹம் சட்டென்று நின்றுவிடும். வளையம் அறுந்தது உண்மைதான். அதனால்தான் இந்த யோசனை இவ்வளவு பரவியிருக்கிறது, அதனால்தான் இது ஆபத்தும் கூட.

மூன்று பின் கருவியில் உள்ளே பேஸ் வயர் கழன்று உடம்பில் பட்டால், எர்த் வழியாகப் பெரும் மின்சாரம் பாய்ந்து ஃப்யூஸோ எம்சிபியோ துண்டித்துவிட வேண்டும். எர்த் பின் இல்லாவிட்டால் ஆம்பின் உலோக உடம்பு 230 வோல்ட்டில் காத்துக்கொண்டிருக்கும். அல்லது அந்த மின்சாரம் ஆர்சிஏ ஷீல்டு வழியாக அடுத்த கருவியின் எர்த்தைத் தேடி ஓடும். நூல் போன்ற அந்தப் பின்னல் தாங்காமல் எரியும். வீட்டில் கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருந்தாலும், எர்த் இல்லாத கருவியில் அது துண்டிப்பது யாராவது தொட்ட பிறகுதான். அறுக்க வேண்டியது சிக்னல் பக்கத்து இணைப்பை, அதற்கு ஐசொலேட்டரும் ஆப்டிகலும் இருக்கின்றன.

ஸ்பீக்கரிலிருந்தே வராத ஹம்

எல்லாம் செய்தும் போகவில்லை என்றால் காதை ஸ்பீக்கரிடம் வைக்காமல் ஆம்பின் மேல்மூடியிடம் கொண்டு போங்கள். சத்தம் அங்கிருந்து வந்தால் அது டிரான்ஸ்பார்மரே அதிர்வது. அதன் இரும்புத் தகடுகள் ஒவ்வொரு அலைக்கும் இரண்டு முறை நுண்ணளவில் நீண்டு சுருங்குகின்றன. அதனால் அதுவும் 100 ஹெர்ட்ஸ். கேபிள், எர்த் எதை மாற்றினாலும் அது குறையாது. திருகு தளர்ந்திருந்தால் இறுக்கலாம், கால்களுக்கு அடியில் ரப்பர் வைக்கலாம்.

வட்டமான டொராய்டல் டிரான்ஸ்பார்மர் உள்ள ஆம்புகளில் சில நேரம் இந்த முனகல் சில நிமிடங்கள் மட்டும் வந்து நின்றுவிடும். அப்போது வீட்டில் யாராவது ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் ஓட்டுகிறார்களா என்று பாருங்கள். சில டிரையர்கள் சூட்டைக் குறைக்க ஒரு டயோடு வைத்து மின்சார அலையின் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. அதனால் வீட்டு லைனில் ஒரு துளி டிசி சேர்ந்துவிடுகிறது. டொராய்டலுக்கு அது ஆகாது. தலை காய்ந்து டிரையரை அணைத்ததும் ஆம்பும் அடங்கிவிடும்.